வீட்டுக்கு ஒரு ஆள்

செவ்வந்தி செத்துப் பன்னிரண்டாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஐந்தே முக்காலுக்கு எப்போதும் போல மில் பஸ்ஸில் ஏறி வேலைக்குப் போனாள். அவளுக்கு முன்னால் ஐந்து பேர், பின்னால் மூன்று பேர், ஆக ஒன்பது பேர் வரிசையில் நின்றார்கள். மில் காலனியில் அந்த நோய் கொண்டுபோனதும் மொத்தம் ஒன்பது பேர்தான் என்பதால், வந்திருப்பது யார் யார் என்று யாரும் கிட்டே போய்ப் பார்க்கவேண்டியிருக்கவில்லை. மூன்று நாளாகக் காலி பஸ்ஸைக் கொண்டுவந்து ஹாரன் அடித்துக் காலியாகவே திருப்பிக்கொண்டு போன டிரைவர் ஆரோக்கியம், ஆள் நிற்பதைக் கண்டதும் பழக்கதோஷத்தில் கதவைத் திறந்துவிட்டார். அவர்கள் ஏறி அவரவர் சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் கண்ணாடியில் முகங்களைப் பார்த்தார். பார்த்தவர் சிலுவை போட்டுக்கொண்டார், அதே கையால் கியரையும் போட்டார்.

குழாயடியில் குடத்தோடு நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள் பதினேழாம் நம்பர் வீட்டு நாச்சம்மாள். செவ்வந்தி அவளுக்கு ஓரகத்தி, அதாவது கொழுந்தன் பெண்டாட்டி. ஒரே வீட்டில் நடுவே தட்டி வைத்து இரண்டு குடும்பமாக இருந்தவர்கள், ஒரே ஸ்பின்னிங் ஹாலில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் அறுந்த நூலை ஒட்டிக்கொண்டே பத்து வருஷம் நடந்தவர்கள், ஒரே சீட்டில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து போய் வந்தவர்கள், ஆனால் மூன்று வருஷமாக ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசாதவர்கள். செவ்வந்தி சீட்டில் ஜன்னல் பக்கமாக ஒதுங்கி, நாச்சம்மாள் உட்காருகிற இடத்தைக் காலியாக விட்டு உட்கார்ந்திருந்தது குழாயடியிலிருந்தே தெரிந்தது. நாச்சம்மாளுக்குக் குடம் நிரம்பி வழிந்து கால் நனைந்த பிறகுதான் குழாயை மூட வேண்டும் என்று தோன்றியது.

மூன்று வருஷச் சண்டைக்குக் காரணம் அந்தக் குழாயும் ஒரு பச்சை பிளாஸ்டிக் குடமும்தான். யார் குடத்தை யார் நகர்த்தினார்கள் என்பது இன்றுவரை தீர்ப்பாகவில்லை. மூத்தவள்தான் முதலில் பேச வேண்டும் என்று செவ்வந்தியும், வாய் நீண்டவள்தான் இறங்கி வர வேண்டும் என்று நாச்சம்மாளும் பிடித்த பிடியில் நின்றார்கள். கேஸ் தீரப்போகிறது, கரண்டு பில் வந்திருக்கிறது என்பதெல்லாம் செவ்வந்தியின் நாலு வயது மகள் இனியா வழியாகத்தான் தட்டிக்கு அந்தப் பக்கம் போய்ச் சேரும். "இனியா, ஒங்க பெரியம்மாகிட்டச் சொல்லு, பால் பொங்குதுன்னு" என்று செவ்வந்தி சொல்லி, பிள்ளை போய்ச் சொல்லி முடிப்பதற்குள் பால் பாதி அடுப்பில் கிடக்கும். அப்படி ஒரு வீம்பு.

நோய் இரண்டாம் தடவை வந்த வருஷம் அது. மில்லுக்கு ஜன்னல் கிடையாது. நூல் அறுந்துவிடக் கூடாது என்று ஈரக்காற்றை உள்ளேயே சுற்றவிட்டு, அந்தக் காற்றையே காலனி ஆட்கள் நூறு பேரும் எட்டு மணி நேரம் மாற்றி மாற்றி இழுத்துவிடுகிற இடம். ஒருத்தி இருமினால் கடைசி மெஷின் வரைக்கும் போய்த் திரும்பி வரும். அப்படித்தான் பத்து நாளில் ஒன்பது பேர் போனார்கள். செவ்வந்தியை ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அவளால் மூச்சு விடவே முடியவில்லை, பேச்சு எங்கே வரும்? மகளின் கையைப் பிடித்து நாச்சம்மாள் பக்கம் நீட்டினாள். நாச்சம்மாளும் பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "நான் பாத்துக்கறேன்டி" என்று அந்த நேரத்திலாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து பிளாஸ்டிக் சுற்றி வந்ததை, குளத்துக்கரைக்கு அப்பால் பொக்லைன் தோண்டிய குழியில், நூறடி தள்ளி நின்று பார்க்க மட்டும் விட்டார்கள். செவ்வந்தியின் புருஷன் லாரியோடு நாக்பூர்ப் பக்கம் எங்கோ ஊரடங்கில் மாட்டிக்கொண்டு போனில் அழுதான்.

இரண்டு வாரம் மூடிக்கிடந்த மில்லைத் திறக்கிறோம் என்று ஆள் வந்து சொன்னபோது காலனியில் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. முப்பத்தெட்டு வீட்டு ஆட்களும் காளியம்மன் கோயில் முன்னால் கூடினார்கள். "உள்ள காத்துப் போக வழி பண்ணணும், எல்லாருக்கும் ஊசி போடணும், அது வரைக்கும் இந்தக் காலனியில இருந்து ஒரு காலு அந்தக் கேட்டுக்குள்ள போகக் கூடாது" என்று முதல் வீட்டுப் பஞ்சவர்ணம் கற்பூரத்தை அடித்து அணைக்க, மற்றவர்களும் ஒவ்வொருவராய் அடித்து அணைத்தார்கள். பஞ்சவர்ணம் பேசினால் மேஸ்திரிகளே பதில் சொல்லத் திணறுவார்கள். அவள் தைரியத்தில்தான் பாதிப் பேர் அன்றைக்குக் கை நீட்டினார்கள். அடுத்த நாளே மில்லின் ஆபீசர் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்தார். காலனி வீடு மில்லுடையது. மில் எல்லோரையும் கேட்கவில்லை, பெருந்தன்மையாக வீட்டுக்கு ஒரு ஆளைத்தான் கேட்கிறது. ஆள் வராத வீட்டின் சாவியை வாங்கிக்கொள்ள மில்லுக்குத் தெரியும் என்று மூன்று தரம் சுற்றிச் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகுதான் செத்தவர்கள் வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள்.

மில்லில் முதலில் கொஞ்சம் சங்கடப்பட்டார்கள். கேட்டில் இருந்த கைரேகை மெஷினுக்கு அந்தக் குளிர்ந்த விரல்களைப் பிடிக்கவில்லை. மறுபடி முயற்சிக்கவும், மறுபடி முயற்சிக்கவும் என்று அது கத்திக்கொண்டே இருக்க, வாட்ச்மேன் பழைய நோட்டை எடுத்துத் தூசி தட்டி ஒன்பது பேரையும் எழுதி உள்ளே விட்டார். அன்று மேனேஜர் ஹாலின் வாசல் வரை வந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். மறுநாள் தாயத்தோடு வந்தார். மூன்றாம் நாள் தாயத்தைக்கூடக் கட்டாமல் வந்து, டீ கேட்காத, பாத்ரூம் போகாத, பக்கத்து ஆளோடு பேசாத ஒன்பது பேர், அறுந்த நூலை அறுந்த கணமே ஒட்டிவிட்டுப் போவதை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாராம். பஞ்சுத் தூசிக்காக எப்போதும் கட்டுகிற துணியை மூக்குக்கு மேல் கட்டிக்கொண்டு நடந்தவர்களுக்கும் அதற்கு முன்னால் உயிரோடு நடந்தவர்களுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை என்று அவர் சொன்னதை ஆரோக்கியம்தான் வந்து காலனியில் சொன்னார்.

அன்று சாயங்காலம் மைக் ஆட்டோ மறுபடி வந்தது. "ஒங்க காலனி ஆளுங்க ஒன்பது பேர் ஒழுங்கா வேலைக்கு வர்றாங்க. அவங்களுக்கே இல்லாத பயம் ஒங்களுக்கு என்ன?" என்று ஆபீசர் கேட்டார். அடுத்த சனிக்கிழமை வரை கெடு என்றார். பஞ்சவர்ணம் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

காலனியும் அதற்குள் பழகிவிட்டிருந்தது. முதல் நாள் மத்தியானம் ஷிப்ட் முடிந்து ஒன்பது பேரும் பஸ்ஸை விட்டு இறங்கி, வீடுகளுக்கு நடுவே நடந்து, குளத்துக்கரையைப் பார்க்கப் போனபோது ஒரு கதவு திறந்திருக்கவில்லை. இரண்டாம் நாள் எல்லா வாசலிலும் வேப்பிலை தொங்கியது. மூன்றாம் நாள் வேப்பிலைக்கு நடுவே முகங்கள் தெரிந்தன. நான்காம் நாள் யாரோ ஒருத்தி, மில் அலமாரியில் விட்டு வந்த தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்து வரும்படி செத்தவர்களுக்குச் சீட்டு எழுதி ஆரோக்கியத்திடம் கொடுத்துவிட, ஷிப்ட் முடிந்தபோது டப்பா கழுவித் துடைத்து வாசலில் வைக்கப்பட்டிருந்தது. அதற்குமேல் அவர்களுக்குப் பயப்படுவது மரியாதை இல்லை என்று எல்லோருக்கும் பட்டது. ஆனாலும் யாரும் அவர்களோடு பேசவில்லை. செத்தது தானாகப் பேசாது, உயிரோடு இருப்பவர் முதலில் பேசினால்தான் பதில் பேசும் என்று அங்கே ஒரு நம்பிக்கை. பேசினால் என்ன பதில் வருமோ என்று எல்லோருக்குமே உதறல்.

ஒன்று மட்டும் கெட்டுப்போனது. சாவு விழுந்த ஒன்பது வீட்டுக்கும் மில் கேட்ட ஆள் போய்க்கொண்டிருந்தது. சாவு விழாத வீடுகளுக்குத்தான் சனிக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. "ஒனக்கென்னடி நாச்சா, குடுத்து வச்சவ. ஒங்க வீட்டுக்குப் போறதுக்கு ஒரு ஆள் இருக்கு" என்று பக்கத்து வீட்டுக்காரி சிரிக்காமல் சொன்னாள். சொல்லிவிட்டு, தான் என்ன சொன்னோம் என்று புரிந்து, சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சாவு விழுந்த வீட்டைப் பார்த்துப் பொறாமைப்படுகிற நிலைக்கு மனிதர்கள் வந்த பிறகு கற்பூரச் சத்தியம் எத்தனை நாள் நிற்கும்? கோயிலில் கூடுகிற கூட்டம் நாளுக்கு நாள் குறைந்தது.

நாச்சம்மாளுக்கு வேறொரு குழப்பம் இருந்தது. தினமும் விடியற்காலையில் செவ்வந்தி குழாயடிக்கு வந்து, அந்தப் பச்சைக் குடத்தை நிரப்பி, பதினேழாம் நம்பர் வாசலில் இறக்கி வைத்துவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போனாள். மத்தியானம் திரும்பும்போது வாசலுக்கு நேரே சற்று நேரம் நின்றாள். இனியா உள்ளேயிருந்து கையை ஆட்டினால் அவளும் ஆட்டினாள், ஒரு எட்டு முன்னால் வைக்கமாட்டாள். இனியாவுக்கு இதில் ஒன்றும் ஆச்சரியமில்லை. அம்மா செத்துப்போயிட்டா, அதனால பஸ்ஸில வேலைக்குப் போறா என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு விளக்கம் சொன்னாள். நாச்சம்மாள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, இன்றைக்குப் பேசிவிட வேண்டும் என்று தினமும் நினைத்தாள். 'சாப்பிட்டியாடி' என்பதா, 'மன்னிச்சிருடி' என்பதா, எதில் ஆரம்பிப்பது என்று தெரியாமல் தினமும் விட்டாள்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை அமாவாசை. அதற்கு முந்தின நாள் பஞ்சவர்ணம் எல்லோரையும் கூப்பிட்டுப் பேசினாள். "அதுக பாவம்டி. செத்தது அதுகளுக்கே தெரியல" என்றாள். "ஒரு வாய் அரிசி போட்டமா? குளிப்பாட்டினமா? மூஞ்சியக்கூடப் பாக்க விடாமக் கொண்டுபோய்ப் பொதச்சாங்க. நீ போயிட்ட, இனி வராதன்னு அதுகளுக்கு யாரு சொன்னது? அதான் விடிஞ்சா கெளம்பி மில்லுக்குப் போகுதுக. நாளைக்கு பஸ் ஸ்டாப்புல வச்சு வாய்க்கரிசி போட்டு அனுப்பி வச்சிருவோம். அதுகளுக்கும் விடுதலை. மில்லும் நின்னு போயிரும், அப்புறம் அவனே நம்மகிட்ட வருவான்."

கூட்டத்தில் அழாதவர் இல்லை. அந்த ஒரு பிடி அரிசி எல்லோர் தொண்டையிலும் மூன்று வாரமாக அடைத்துக்கொண்டுதானே இருந்தது.

இருபது வருஷம் மில்லில் பஞ்சு உடைத்து நெஞ்சு கெட்டுப்போய், நாலு எட்டு நடந்தால் உட்கார்ந்துவிடுகிற நாச்சம்மாளின் புருஷன் கருப்பையா மட்டும் கட்டிலில் படுத்தபடி சொன்னான்: "செத்தது தெரியாதவ, தண்ணியப் புடிச்சு வச்சுட்டு ஏன் உள்ள வராமப் போறா? அரிசி போடுறதுக்கு முந்தி அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்க."

"நான் என்னத்தக் கேக்குறது?" என்றாள் நாச்சம்மாள்.

"எதுக்குடி போறன்னு கேளு."

அவள் முறத்தை எடுத்து அரிசியைப் புடைத்தாள். உயிரோடிருந்தபோது பேசாத வாயைத் திறந்து, செத்தவளிடம் போய்க் கேள்வி கேட்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. கடமையைச் செய்துவிட்டால் பேசியது போல ஆகிவிடும் என்று நினைத்தாள். கல் பொறுக்கி, குருணை நீக்கி, முழு அரிசியாகப் பார்த்து ஒரு கிண்ணம் எடுத்து வைத்தாள்.

மறுநாள் காலையில் ஒன்பது பேரும் வரிசையில் வந்து நின்றபோது, ஒன்பது வீட்டு ஆட்களும் அரிசியோடு எதிரில் போய் நின்றார்கள். பஸ் இன்னும் வந்திருக்கவில்லை. நாச்சம்மாள் செவ்வந்தியின் முகத்துத் துணியை அவிழ்த்தாள். மூக்கில் ஆஸ்பத்திரியில் யாரோ வைத்த பஞ்சு இருந்தது. மட்டமான பஞ்சு, இழை நிற்காது என்று அவள் கண் தன்பாட்டுக்கு எடைபோட்டது. செவ்வந்தி கையை உயர்த்தித் தடுக்கப் பார்த்தாள். விவரம் தெரியாத பிள்ளை மருந்து குடிக்கமாட்டேன் என்று அடம் பிடிப்பதாக நினைத்து நாச்சம்மாள் அந்தக் கையை மெல்ல இறக்கிவிட்டாள். முதல் பிடி போட்டாள். இரண்டாம் பிடி போட்டாள். மூன்றாவதையும் போட்டுவிட்டு, சொல்ல வேண்டிய முறை என்று எதைச் சொல்வார்களோ அதைச் சொன்னாள்.

"போயிரு. திரும்பிப் பாக்காத."

செவ்வந்தி அவளையே பார்த்தாள். பிறகு வாயெல்லாம் அரிசியோடு, வார்த்தைக்கு வார்த்தை அரிசி சிந்த, பேசினாள்.

"மூணு வருஷம் கழிச்சு மொத வார்த்தை இதாக்கா?"

நாச்சம்மாள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"செத்தது எனக்குத் தெரியாதாக்கா? வீட்டுக்கு ஒரு ஆளுன்னு மைக்குல சொன்னது குளத்துக்கரை வரைக்கும் கேட்டுச்சு. மாமாவால முடியாது. நீதான் போகணும். போனா உன்னையும் அது புடிச்சுக்கும். அப்புறம் எம்புள்ளைக்கு யாரு? எனக்கு இனிமே என்ன வந்துறப்போகுதுன்னுதான் நான் போனேன். பேசுவ, பேசுவன்னு பாத்தேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?"

நாச்சம்மாள் அவளைச் சேர்த்துப் பிடித்து வாய்க்குள் விரலை விட்டாள். அரிசியைத் தோண்டினாள், ஒரு மணி விடாமல், கடைவாய்க்கும் நாக்குக்கு அடியிலும் தோண்டித் தோண்டி வெளியே போட்டாள். "துப்புடி, துப்புடி செவ்வந்தி, எனக்காகத் துப்புடி" என்று கத்தினாள். நாக்குக் குளிர்ந்திருந்தது, பிறகு விரலுக்கு நாக்குப் படவில்லை, பல்லும் படவில்லை. ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டபோது அவள் கை வெறும் காற்றில் இருந்தது. உள்ளங்கையில் ஈர அரிசி ஒட்டியிருந்தது.

மற்ற எட்டுப் பேரும் தங்கள் ஆட்களிடம் என்ன சொன்னார்கள் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. அவரவர் நின்ற இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டதைப் பார்த்தாலே போதும். மகனுக்கு அரிசி போட்ட ஒரு தகப்பன் மட்டும், "எனக்காகவா போனான், எனக்காகவா போனான்" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். பஞ்சவர்ணம் கோயில் படியில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். ஆரோக்கியம் பத்து நிமிஷம் காத்திருந்துவிட்டுக் காலி பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு போனார்.

மில் நின்றது, இரண்டு நாள். சனிக்கிழமை காலையில் மில் ஆட்கள் ஒரு சாக்கில் முப்பத்தெட்டுப் புதுப் பூட்டுகளைக் கொண்டுவந்தார்கள். எதையும் பூட்டவில்லை, வீட்டுக்கு ஒன்றாகக் கொண்டியில் திறந்தபடியே தொங்கவிட்டார்கள். "திங்கக்கிழமை பஸ் போனப்புறம் வந்து பாப்போம்" என்று மட்டும் சொன்னார்கள். அந்த இரண்டு நாளும் காற்றடிக்கும்போதெல்லாம் முப்பத்தெட்டுக் கதவிலும் பூட்டுகள் ஆடித் தட்டிக்கொண்டிருந்தன, ஒருவரும் கோயில் பக்கம் போகவில்லை.

திங்கட்கிழமை காலை பஸ் ஸ்டாப்பில் வீட்டுக்கு ஒரு ஆள் நின்றது. முதல் ஆளாகப் பஞ்சவர்ணம் நின்றாள். அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நாச்சம்மாள் பச்சைக் குடத்தை நிரப்பி வாசலில் வைத்தாள். கருப்பையா கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். நாச்சம்மாளின் முந்தானை முடிச்சில், அன்றைக்கு உள்ளங்கையில் ஒட்டிய அந்த அரிசி இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, துணியை மூக்குக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு அவள் படியிறங்கியபோது, தூங்கி எழுந்த கண்ணோடு இனியா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பெரியம்மா, பஸ்ஸுக்கா போற?"

"ஆமாடா தங்கம். மத்தியானம் வந்துருவேன். பெரியப்பாகிட்ட இரு."

பிள்ளை அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தது.

"நீயும் செத்துப்போயிட்டியா பெரியம்மா?"

மூன்று வருஷம் பேசாமலிருந்த வாய்தான் அது. இப்போதாவது பிள்ளைக்கு ஒரு பதில் சொல்லிவிட வேண்டும் என்று திறந்தாள். ஹாரன் இரண்டாம் தரம் அடித்தது. வாசலில் நின்ற பிள்ளையைப் பார்த்துக் கையை மட்டும் ஆட்டிவிட்டு, பஸ்ஸில் ஏறி, ஜன்னல் பக்கத்து இடத்தைக் காலியாக விட்டு உட்கார்ந்தாள்.